கடைத் தராசுக்கு அரசு முத்திரை வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மளிகைக் கடையோ, கறிக்கடையோ, பழைய இரும்புக் கடையோ, எடை போட்டுக் காசு வாங்குகிற அல்லது கொடுக்கிற எந்தத் தராசும் அரசு முத்திரை இல்லாமல் ஓடக் கூடாது. 2011 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தமிழ்நாட்டில் இதைப் பார்த்துக்கொள்வது தொழிலாளர் துறை. முத்திரை போடுகிறவர் உங்கள் பகுதி முத்திரை ஆய்வாளர்.

புதிதாகக் கடை போடுகிறவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் வரிசையில்தான். தராசை வாங்கி, விண்ணப்பம் போட்டு, கட்டணமும் கட்டிவிட்டு, ஆய்வாளர் மேசையில் வைத்த பிறகுதான் இது முத்திரை போடக்கூடிய தராசா என்ற கேள்வியே வருகிறது. முத்திரை என்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைச் சரியாகச் செய்துவிட்டால் ஆய்வாளர் முன் நிற்கும் நேரம் மிகக் குறைவு.

1. எந்தெந்தக் கருவிகள் என்று பட்டியல் போடுங்கள்

கல்லாப் பக்கம் இருக்கும் தராசு மட்டும் கணக்கில்லை. கடைக்குச் சரக்கு எடுக்கும்போது மூட்டையை நிறுத்துப் பார்க்கிற மேடைத் தராசு, எடைக்கற்கள், எண்ணெய் ஊற்றுகிற லிட்டர் அளவை, துணிக்கடை மீட்டர் கோல் எல்லாமே முத்திரைக்கு உட்பட்டவை.

குடோனில் துணி போட்டு மூடி வைத்திருக்கும் உபரித் தராசையும் பட்டியலில் சேருங்கள். வியாபாரத்துக்குப் பயன்படக்கூடும் என்ற சூழலில் உங்கள் வசம் இருந்தாலே அதற்கும் முத்திரை வேண்டும் என்பது சட்டத்தின் நிலை. ‘அதை நாங்கள் உபயோகிப்பதே இல்லை’ என்ற பதில் சோதனையின்போது எடுபடாது. உண்மையிலேயே வேண்டாத தராசு என்றால் கடையை விட்டு வெளியேற்றிவிடுங்கள்.

படி, உழக்கு, ஆழாக்கு இவற்றுக்கு முத்திரை கிடைக்காது. அளவைகள் லிட்டர், மில்லிலிட்டர் கணக்கில்தான் இருக்க வேண்டும். கடலையையும் அரிசியையும் படியால் அளந்து விற்கும் பழக்கம் உள்ளவர்கள் தராசுக்கு மாறியாக வேண்டும்.

2. தராசின் பிளேட்டைப் படியுங்கள்

தராசின் பக்கவாட்டிலோ பின்புறமோ சின்னத் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். முத்திரை விழுமா விழாதா என்பதில் பாதி இங்கேயே முடிவாகிவிடும். தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், அதிகபட்ச எடை, குறைந்தபட்ச எடை, ‘இ’ (ஆங்கில e) என்ற எழுத்துக்கு நேராகத் தராசின் எடைப் படியைச் சொல்லும் கிராம் அளவு, துல்லிய வகுப்பு, ‘ஐஎன்டி’ (ஆங்கிலத்தில் IND) என்று தொடங்கும் மாதிரி ஒப்புதல் எண், அதாவது அந்த மாடலை அரசு ஏற்றுக்கொண்டதற்கான எண், ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

மாதிரி ஒப்புதல் எண் இல்லாத தராசுக்கு முத்திரை கிடையாது. மலிவாக இருக்கிறதே என்று இணையத்தில் வாங்குகிற தராசுகளில் நிறைய இந்த இடத்தில்தான் அடிபடுகின்றன. சமையலறைக்கென்று விற்கிற தராசை கடையில் வைக்கவே முடியாது. எவ்வளவு சரியாக எடை காட்டினாலும் அதில் மாற்றமில்லை. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே பிளேட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குவதுதான் நல்லது.

அடுத்து வகுப்பு. காய்கறி, மளிகை, இறைச்சி போன்றவற்றுக்கு மூன்றாம் வகுப்புத் தராசு போதும். தங்கம், வெள்ளி நிறுப்பதற்கு அதைவிடத் துல்லியமான இரண்டாம் வகுப்பாவது வேண்டும். ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

பலரும் கண்டுகொள்ளாத இன்னொன்று, குறைந்தபட்ச எடை. மூன்றாம் வகுப்பில் அது ‘இ’ மதிப்பைப் போல 20 மடங்கு. கடைகளில் சாதாரணமாகப் பார்க்கிற 30 கிலோ தராசில் ‘இ’ 5 கிராம். அப்படியானால் 100 கிராமுக்குக் குறைவாக அதில் எடை போடக் கூடாது. 50 கிராம் ஏலக்காயை அந்தத் தராசில் நிறுத்தால், அனுமதிக்கப்பட்ட பிழையே வாங்குகிறவருக்கு நஷ்டமாகிவிடும். ஏலக்காய், மிளகு, முந்திரி விற்பவர்கள் ‘இ’ 1 கிராமோ அதற்கும் குறைவாகவோ உள்ள சிறிய தராசு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

3. கெடு எப்போது என்று பாருங்கள்

எலக்ட்ரானிக் தராசு, பெட்ரோல் பங்க் பம்பு, லாரி எடை மேடை போன்றவற்றுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை மறுமுத்திரை. எடைக்கற்கள், விட்டத் தராசு, கல் வைத்து நிறுக்கும் மேசைத் தராசு, லிட்டர் அளவைகள், மீட்டர் கோல் ஆகியவற்றுக்கு 24 மாதம். பெரிய சேமிப்புத் தொட்டிகளுக்கு 60 மாதம்.

முத்திரையிலேயே காலம் பொறிக்கப்பட்டிருக்கும். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும், எந்தக் காலாண்டு என்பதற்கு ஏ, பி, சி, டி எழுத்துகளில் ஒன்றும் இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை ஏ, ஏப்ரல் முதல் ஜூன் வரை பி, இப்படியே போகும். ஆய்வாளரின் அடையாள எண்ணும் பக்கத்தில் இருக்கும்.

கெடு தாண்டினால் காலாண்டுக்குக் காலாண்டு கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். அதற்கு நடுவில் சோதனைக்கு வந்துவிட்டால் அபராதம் தனி. கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்கினால், தராசு பழுதென்று தெரிந்தாலும் சரிசெய்ய அவகாசம் இருக்கும்.

கெடு வராமலேயே மறுமுத்திரை தேவைப்படுகிற சந்தர்ப்பங்களும் உண்டு. தராசைத் திறக்க முடியாதபடி போட்டிருக்கும் ஈய சீலை உடைத்துப் பழுது பார்த்தால் கட்டாயம். எடை மேடை போல இருந்த இடத்திலேயே முத்திரையிட்ட கருவியைப் பிரித்து வேறு இடத்தில் பூட்டினாலும் கட்டாயம்.

4. கடையிலேயே நீங்களாகச் சோதித்துப் பாருங்கள்

பெரும்பாலானோர் தாண்டிப் போகிற படி இது. முத்திரையிட்ட எடைக்கற்கள் கையில் இருந்தால் அரை மணி நேர வேலைதான். தராசின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு அல்லது 1 டன், இதில் எது குறைவோ, அந்த அளவுக்கு முத்திரையிட்ட சோதனைக் கற்களைக் கடையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதியும்கூட. 30 கிலோ தராசுக்கு 3 கிலோ.

தராசை ஆட்டமில்லாத மேசையில் வைத்து, மட்டக்குமிழ் வட்டத்தின் நடுவில் வரும்வரை கால் திருகுகளைத் திருப்புங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பேட்டரி முழுவதும் ஏறியிருக்கட்டும். போட்டவுடனே நிறுக்காமல் கால் மணி நேரமாவது ஓடவிடுங்கள், எடையை உணரும் பாகமான லோடு செல் சூடாகி நிலைப்பட்டால்தான் எண் நகராமல் நிற்கும்.

முதலில் ஒரே எடையை மூன்று நான்கு முறை வைத்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே எண்தான் வர வேண்டும். தட்டைக் காலி செய்ததும் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் தட்டுக்கு அடியில் பாருங்கள். வெங்காயச் சருகு, சர்க்கரைப் பிசுக்கு, கரப்பான் பூச்சி முட்டை, இப்படி ஏதாவது ஒன்று தட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும். சீலைத் தொடாமல் துடைக்கக்கூடியவரை துடைத்தாலே பல தராசுகள் சரியாகிவிடும்.

அப்புறம் மூலைச் சோதனை. கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 30 கிலோ தராசுக்கு 10 கிலோவை, தட்டின் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு மூலையில் மட்டும் எண் மாறினால் லோடு செல்லோ தட்டின் தாங்கியோ வளைந்திருக்கிறது என்று அர்த்தம். தராசு மேல் மூட்டையைத் தொப்பென்று போடுகிற கடைகளில் இந்தப் பழுது அடிக்கடி வரும்.

கடைசியாக ஏறுவரிசையில் எடை வைத்துப் பாருங்கள். 30 கிலோ, 5 கிராம் தராசில் முத்திரையின்போது அனுமதிக்கப்படும் பிழை இவ்வளவுதான்: 2.5 கிலோ வரை கூடவோ குறையவோ 2.5 கிராம், அதற்கு மேல் 10 கிலோ வரை 5 கிராம், அதற்கும் மேல் 7.5 கிராம். பயன்பாட்டில் இருக்கும்போது கடைக்கு வந்து சோதித்தால் இதைப் போல இரண்டு மடங்கு வரை விடுவார்கள். போன மாதச் சோதனையில் தேறிய தராசு இந்த மாத முத்திரையில் தோற்பதற்கு இதுதான் காரணம். ஆய்வாளரோடு வாக்குவாதம் செய்து பயனில்லை.

5. பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதானால்

உங்கள் சோதனையில் தராசு தேறிவிட்டால் இந்தப் படி தேவையில்லை. நேராக விண்ணப்பத்துக்குப் போங்கள்.

தேறவில்லை என்றால், துறையின் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் மட்டும் கொடுங்கள். உரிம எண்ணைக் கேட்டு வாங்குங்கள். செல்போன் கடையிலோ தெரிந்த எலக்ட்ரீஷியனிடமோ கொடுத்துச் சீலைப் பிரித்தால், வேலை எவ்வளவு சுத்தமாக நடந்திருந்தாலும் சீலை உடைத்த பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். வேலை முடிந்ததும் என்ன செய்தார் என்று எழுதிய ரசீது வாங்கி வையுங்கள்.

வெளி மாநிலத்திலிருந்து வந்த புதுத் தராசுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எலக்ட்ரானிக் தராசு உண்மையில் உணர்வது பொருளின் பாரத்தை. அது புவியீர்ப்பைப் பொறுத்தது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்பு கொஞ்சம் குறையும். டெல்லியில் காலிபிரேஷன் செய்த, அதாவது எடைக்கல் வைத்து எண்ணைச் சரிப்படுத்திய, 30 கிலோ தராசை அப்படியே சென்னைக்குக் கொண்டு வந்து 30 கிலோ வைத்தால், ஏறக்குறைய 25 கிராம் குறைத்துக் காட்டும். அனுமதித்த 7.5 கிராமை விட இது எவ்வளவு அதிகம் பாருங்கள். தராசில் பழுதே இருக்காது, ஆனாலும் தோற்கும். உயரம் கூடினாலும் ஈர்ப்பு குறைவதால், கொடைக்கானல், ஊட்டி போன்ற மலையூர்களிலும் இதே சங்கதி உண்டு. அதனால் புதுத் தராசு என்றாலும் நீங்கள் பயன்படுத்தப் போகிற ஊரில் ஒரு முறை காலிபிரேஷன் செய்த பிறகே முத்திரைக்குக் கொண்டு போங்கள்.

எடைக்கற்களைப் பொறுத்தவரை, வார்ப்பிரும்புக் கல்லில் ஈயம் அடைத்த குழி இருக்கும். அதன் மேல்தான் முத்திரை குத்துவார்கள். ஈயம் தேய்ந்தோ விழுந்தோ போயிருந்தால் முதலில் அதை நிரப்ப வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று கல்லுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் குழியையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். பெயின்டுக்கும் எடை உண்டு என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

6. விண்ணப்பமும் கட்டணமும்

தராசு எந்த முகவரியில் பயன்படுகிறதோ அந்தப் பகுதியின் முத்திரை ஆய்வாளரிடம்தான் விண்ணப்பம் போக வேண்டும். உங்கள் வீடு ஒரு வட்டத்திலும் கடை இன்னொரு வட்டத்திலும் இருந்தால் கடை முகவரிதான் கணக்கு. இரண்டு கிளை வைத்திருப்பவர்கள் இரண்டு இடத்துத் தராசுகளையும் ஒரே விண்ணப்பத்தில் எழுதி அனுப்பிவிட்டு அலைவதைப் பார்க்கிறேன்.

தொழிலாளர் துறையின் இணையதளத்தில் என்ன படிவம், எவ்வளவு கட்டணம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இணையம் பழக்கமில்லாதவர்கள் ஆய்வாளர் அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேட்கலாம். கட்டணம் கருவியின் வகைக்கும் கொள்ளளவுக்கும் ஏற்ப மாறும். அரசுக் கணக்கில் கட்டியதற்கான ரசீது உங்கள் பெயரில் இருக்க வேண்டும். யாரிடமாவது ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது பிறகு வரும் என்று விட்டுவிடாதீர்கள்.

பிளேட்டின் போட்டோ, வாங்கிய பில், போன முறை வாங்கிய சரிபார்ப்புச் சான்று, கடை முகவரிக்கான ஆவணம், பழுது பார்த்திருந்தால் அந்த ரசீது ஆகியவற்றை ஒரு கவரில் போட்டு வையுங்கள். விண்ணப்பத்தில் வரிசை எண்ணை எழுதும்போது நினைவிலிருந்து எழுதாமல் பிளேட்டைப் பார்த்தே எழுதுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் சான்று வேறொரு தராசுக்கு ஆகிவிடும்.

எடை மேடை, பெரிய மேடைத் தராசு போன்று நகர்த்த முடியாதவற்றுக்கு ஆய்வாளர் நேரில் வருமாறு கேட்கலாம். அதற்குக் கூடுதல் கட்டணமும் செலவும் உண்டு. அன்றைக்கு வேண்டிய ஆட்களையும் சோதனைக் கற்களையும் நீங்கள் தயாராக வைத்திருக்க வேண்டும்.

7. கொண்டு போகும் நாள்

மேல் தட்டைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றுங்கள். தட்டோடு சேர்த்து பைக்கில் கட்டிக்கொண்டு போனால், வழியில் உள்ள வேகத்தடை ஒவ்வொன்றும் லோடு செல்லைக் குத்தும். கடையில் தேறிய தராசு அலுவலகத்தில் தோற்க இது ஒன்றே போதும்.

அடாப்டர், தட்டு, ஆவணக் கவர் மூன்றும் கூடவே இருக்கட்டும். முத்திரை போடும் முகாம் நடக்கும் நாளில் கூட்டம் இருக்கும். காலையிலேயே போய்த் தராசை ஓடவிட்டுக் காத்திருந்தால் உங்கள் முறை வரும்போது அது நிலைப்பட்டிருக்கும்.

8. ஆய்வாளர் என்ன செய்கிறார்

நீங்கள் கடையில் செய்த அதே சோதனைகளைத்தான் அவரும் செய்வார், இன்னும் நுணுக்கமாக. 5 கிராம் படிப்படியாக எண் மாறும் தராசில் 2 கிராம் பிழை கண்ணுக்குத் தெரியாது. அதனால் பெரிய கல்லை வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் அரை கிராம் கற்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போகலாம். பிழையே இல்லாத தராசில் 2.5 கிராம் சேரும்போது எண் அடுத்த படிக்குத் தாவும். ஒரே கிராமில் தாவினால் தராசு 1.5 கிராம் கூட்டிக் காட்டுகிறது என்று பொருள்.

தேறினால், உள்ளே கை வைக்க முடியாதபடி திருகிலும் தகட்டிலும் கம்பியைக் கோத்து, ஈயத்தை அழுத்தி முத்திரை போடுவார். தேறவில்லை என்றால் காரணத்தைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘ஏதோ சரியில்லையாம்’ என்று போய்ச் சொன்னால் பழுதுபார்ப்பவர் எல்லாவற்றையும் பிரிப்பார். எந்த எடையில், எந்த மூலையில் தவறியது என்று சொன்னால் அதை மட்டும் பார்ப்பார். சரிசெய்து மறுபடி முத்திரை வாங்கும்வரை அந்தத் தராசைக் கடையில் பயன்படுத்தக் கூடாது.

9. கையில் வாங்கியதும் அங்கேயே பார்க்க வேண்டியவை

சான்றில் கடைப் பெயர், முகவரி, தராசின் வரிசை எண், கொள்ளளவு, அடுத்த கெடு தேதி ஐந்தும் சரிதானா என்று பார்த்த பிறகே கிளம்புங்கள். முத்திரையில் ஆண்டும் காலாண்டு எழுத்தும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இடைத்தரகரிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் படி இரண்டு மடங்கு முக்கியம். காலிபிரேஷன் செய்தவர் ஒட்டுகிற ஸ்டிக்கர் அரசு முத்திரை ஆகாது. ஸ்டிக்கரை மட்டும் காட்டி முத்திரை வாங்கிவிட்டேன் என்று யாராவது சொன்னால், ஈய முத்திரையையும் சான்றையும் கட்டண ரசீதையும் காட்டச் சொல்லுங்கள். இந்த மூன்றும் இல்லையென்றால் வேலை நடக்கவில்லை.

10. கடைக்குத் திரும்பிய பிறகு

சான்றை வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள். மேசை இழுப்பறையில் பத்திரமாகப் பூட்டி வைப்பதும் குற்றம்தான், ஏனென்றால் வெளியே தெரிய வைப்பது விதி. ஈரம் படும் கறிக்கடை, மீன்கடை என்றால் லேமினேட் செய்து மாட்டுங்கள்.

டிஸ்பிளே வாங்குகிறவர் பக்கம் திரும்பியிருக்கட்டும். தட்டுக்கு மேல் கிண்ணமோ பையோ வைத்து நிறுப்பதானால், முதலில் அதை வைத்து டேர் பட்டனை அழுத்திப் பூஜ்யம் காட்டிய பிறகே பொருளைப் போடுங்கள். இனிப்புக் கடைகளில் அட்டைப் பெட்டியின் எடையையும் இனிப்பு விலைக்குச் சேர்த்துப் போடுவது பழகிப்போன தவறு. தராசு முத்திரையிட்டதாகவே இருந்தாலும் அது எடைக் குறைவு விற்பனைதான்.

வாரம் ஒரு முறை கடை திறந்ததும் ஒரு சோதனைக் கல்லை வைத்துப் பாருங்கள். எண் பிசகினால் அந்தத் தராசை அன்றைக்கே ஓரங்கட்டிவிடுங்கள். நீங்களாகச் சீலைத் தொட வேண்டாம்.

11. வாங்குகிறவராக நீங்கள் சோதனை கேட்க விரும்பினால்

கடைக்காரர் மட்டுமல்ல, எடையில் சந்தேகப்படும் வாடிக்கையாளரும் விவசாயியும் சோதனை கேட்கலாம். முதலில் பொருளைப் பிரிக்காமல் முத்திரையிட்ட வேறொரு தராசில் நிறுத்துப் பாருங்கள். பில், கடை முகவரி, தேதி, நேரம், இரண்டு எடைகள் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சமையலறைத் தராசில் பார்த்தேன் என்றால் புகார் வலுவிழந்துவிடும்.

மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு எழுதலாம். துறையின் டிஎன்-எல்எம்சிடிஎஸ் செயலி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, முதல்வரின் முகவரி எண் 1100 ஆகியவையும் உண்டு. புகாரில் ‘ஏமாற்றுகிறார்கள்’ என்று மட்டும் எழுதினால் ஆய்வாளருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. ‘இந்தக் கடை, இடது பக்கத் தராசு, 2 கிலோ தக்காளி, மறு எடையில் 1.850 கிலோ’ என்று எழுதுங்கள். புகார் கொடுத்ததைக் கடையில் போய்ச் சொல்லாதீர்கள். சோதனைக்கு ஆள் வருவதற்குள் தராசு மாறிவிடும்.

பெட்ரோல் பங்கில் மட்டும் யாருக்கும் எழுத வேண்டியதில்லை, அங்கேயே கேட்கலாம். முத்திரையிட்ட 5 லிட்டர் அளவை ஒன்று அங்கே இருக்க வேண்டும். அதை ஒரு முறை பெட்ரோலால் நனைத்து வடித்துவிட்டு, சமதளத்தில் வைத்து, பம்பில் பூஜ்யம் பார்த்த பிறகு 5 லிட்டர் பிடிக்கச் சொல்லுங்கள். கழுத்தில் உள்ள கோட்டிலிருந்து 25 மில்லிக்கு மேல் குறைந்தால் புகாருக்கு முகாந்திரம் உண்டு. அளந்து காட்ட மறுத்தால், பம்பு எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அதையே புகாராக எழுதி அனுப்புங்கள்.